காப்பிக் களத்தில் ஒரு நீச்சல் குளம்

இரவல் ஜீப்பின் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்த அந்த நீலச் சுருளைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ராஜாமணி கேட்டாள்: "ஏனுங்க டீச்சரம்மா, யானைக்குப் பாவாடைங்களா?"

நான்கு பேர் சேர்ந்து அதை இறக்கினார்கள். இறக்கும்போதே உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக விழுந்தது. ஏதோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. காய்ந்துபோன பல்லி. தேரைகள் இரண்டு, அவை மட்டும் உயிரோடு. பாசியும் எலிப்புழுக்கையும் பழைய பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை வாசல் முழுக்கப் பரவியது. கூடவே துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் ஒரு கட்டு.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில், வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர் அமல்ராஜ்.

"என்ன புள்ளே அது?"

"நீச்சல் குளம்."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

சற்று நேரம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் நகர்ந்துகொண்டிருந்த மூடுபனியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது" என்றேன். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இவரை வாரா வாரம் படித்துவருகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. முதல்முறையாக இந்தப் பக்கத்தைத் திறந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இவர் ஏற்காட்டுச் சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டியவர். நான் ஆரம்பப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி, அதற்குள் கொஞ்சம் மிளகு, ஒரு தகரக் கூரை வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். நீச்சல் குளம் வைத்துக்கொள்ளும் ஜாதி இல்லை நாங்கள்.

மிளகு தள்ளிவிட்டது

எல்லாம் அந்த மிளகால் வந்தது. எங்கள் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக்கில்தான் ஏறும். பறிப்பதற்கு ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கட்டை அடித்த ஏணி. பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில், ஆளைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல இவரே ஏறினார். மேலே ஒரே ஒரு கொத்து மிச்சம். அதையும் எட்டிப் பறித்துவிட்டுத்தான் விழுந்தார். தூக்கப் போனபோது அந்தக் கொத்து கையிலேயே இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. ஆனால் இவருடைய கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊன்றச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு, அங்கிருந்து நாற்காலிக்கு. அவ்வளவுதான் ஒரு நாளின் பயணம்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். தினமும் நெஞ்சளவு தண்ணீரில் நடக்கவேண்டும். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், பயம் தெளியும், தசை பலப்படும். இந்த வருஷத்துக்குள் நடந்தால் உண்டு. சதை சூம்பிப்போய்விட்டால் கடைசிவரை வாக்கர்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். தார்ப்பாய் போர்த்திய ஜீப்பின் டிரைவர் சீட்டில் எங்கள் சிவப்புக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. விரட்ட மனசு வரவில்லை. ஆனால் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் இருக்க என்னால் முடியாது என்று மட்டும் அன்றே தெரிந்துவிட்டது.

எலுமிச்சம்பழம்

முதலில் சேலத்துக்கே கூட்டிப்போய் நடக்கவைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே காசு கட்டி இறங்குகிற குளம் இருக்கிறது. வாடகைக் காரில் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினோம்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்ட மனுஷர், ஐந்து வளைவு தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். ஸ்டியரிங் கையில் இல்லாமல் அந்தச் சாலையில் அவர் போனதே இல்லை. போகும்போது மூன்று முறை, வரும்போது நான்கு முறை. குளத்தில் இறங்கத் தெம்பில்லாமல் கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் முறையும் அதே கதை.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். நான் சேலத்துக்காரி. வேலை கிடைத்த புதிதில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மலையேறுவேன். முதல் வாரமே ஒரு ஜீப்பில் வாந்தி எடுத்து வைத்தேன். டிரைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "மோந்துக்கிட்டே வாங்க டீச்சர், செரியாப் போயிரும்."

அடுத்த திங்கட்கிழமையும் எலுமிச்சம்பழம் இருந்தது. அதற்கடுத்த திங்களும். வாந்தி நின்ற பிறகும் நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்காது என்று இவர் இன்றும் சொல்வார்.

இப்போது அதே சாலையில், பின்சீட்டில், நான் எலுமிச்சம்பழத்தை இவர் மூக்கருகில் பிடித்துக்கொண்டு வந்தேன். சிரித்தாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றுதான் முடிவு செய்தேன். இவரைக் குளத்துக்குக் கொண்டுபோக முடியாதென்றால் குளத்தை இவரிடம் கொண்டுவந்துவிடவேண்டியதுதான்.

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு விடுதி மூடிவிட்டார்கள், பழைய சாமான்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று ராஜாமணிதான் துப்புக் கொடுத்தாள். அங்கே காப்பிப் பறிக்கப் போனபோது கொட்டகைக்குப் பின்னால் 'நெலத்துமேலயே நிக்கற குளம்' ஒன்றைப் பார்த்திருக்கிறாள். வட்டமாக, பன்னிரண்டு அடி அகலம், நாலடி உயரம். சுற்றிலும் குழாய்க் கால்கள், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். கையில் ரொக்கம் அவ்வளவாக இல்லை. ஆபரேஷன் பெரும்பாலானதைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு மூட்டை மிளகு கொடுத்து வாங்கினேன். இவரைத் தள்ளிவிட்ட அதே மரத்து மிளகு. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஷீட்டுக்குள் இரண்டு பேர்

ஷீட்டை நல்ல வெயிலில் களத்தில் விரித்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தோம். நீல நிறம் வெளியே வரவே இரண்டு நாள் ஆனது. ஓட்டை எத்தனை என்று பார்க்க ராஜாமணி ஒரு வழி சொன்னாள். நான்கு பக்கமும் கம்பு நட்டு ஷீட்டை மேலே கூடாரம்போலக் கட்டி, நாங்கள் இரண்டு பேரும் அடியில் மல்லாந்து படுத்தோம். வெயில் எந்தெந்தத் துளை வழியாக எட்டிப்பார்க்கிறதோ அதைச் சுற்றி என் பள்ளிக்கூடச் சாக்பீஸால் வட்டம் போட்டோம்.

"நொம்ப நட்சத்திரமுங்க டீச்சரம்மா" என்றாள் ராஜாமணி.

நாற்பத்தொன்று. எலி கடித்தது, சிகரெட் சுட்டது, நாற்காலிக் கால் குத்தியது. நீல வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு, புழுங்கிக்கொண்டு, அறுபதை நெருங்கும் இரண்டு பெண்பிள்ளைகள் காரணமில்லாமல் சிரித்தோம். இவர் விழுந்த பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பது எழுந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அடைப்பதற்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் டியூப் துண்டும் வாங்கி, ஒரு நாள் முழுக்க ஒட்டினோம். மறுநாள் காலையில் நாற்பத்தொரு துண்டும் காய்ந்த இலையாக உதிர்ந்து கிடந்தன. சேலத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் செய்கிற பாய் ஒருவரிடம் ஓடினேன். அவர் ஷீட்டின் ஒரு துண்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ரப்பர் இல்லீங்க. அது இதுமேல எப்படிப் புடிக்கும்? இதுக்கு இதேதான் மருந்து" என்றார். அதே ரகத்தில் வெட்டி மிஞ்சிய நீலத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். அதற்கான பசையும் கொடுத்தார். பெரிய கிழிசல்களைக் கொண்டுவரச் சொல்லி, சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் அவரே உருக்கி ஒட்டினார். கூலி கேட்டதற்கு, அடுத்த முறை வரும்போது வீட்டுக் காப்பித்தூள் கொண்டுவரச் சொன்னார்.

கால்கள் பாதி துருவில் போயிருந்தன. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எங்கள் பழைய மிஷினுக்குத் தண்ணீர் வந்த குழாய்கள் சும்மா கிடந்தன. அவற்றை அளந்து வெட்டி, பஜாரில் வெல்டிங் வைத்து வாங்கினேன். கோயில் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளி பெயின்ட் அரை டப்பா இருந்தது. ஃபாதரிடம் கேட்டு வாங்கி அடித்தேன். குளம் ஏறக்குறைய ஜெபித்த குளமாகிவிட்டது.

இவ்வளவு நடக்கும்போதும் இவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சமதளத்தைத் தேடி

சேர்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்குச் சமதளம் என்பது அபூர்வப் பண்டம். பிள்ளைகள் பந்து விளையாடினால் ஒருவன் எப்போதும் கீழே ஓடிப்போய் எடுத்து வருவதற்கென்றே நிற்பான். ஏரி சமமாக இருக்கிறது, அதில் படகு விடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானம் சமமாக இருக்கிறது, மண்ணை வெட்டிச் செய்தது. மூன்றாவதாக, காப்பி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு களம்.

பறித்த பழத்தைக் காயப்போடுவதற்காக சிமெண்டில் போட்ட தரை அது. வழவழவென்று இருக்கும். மார்கழி, தை மாதங்களில் விரல் கனத்துக்குக் காப்பியைப் பரப்பி, மணிக்கொருமுறை பலகையால் கிளறிவிடுவோம். முப்பது வருஷம் அந்தக் களத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். எங்கள் உலகத்தில் சமமான ஒரே இடம் அதுதான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ராஜாமணிக்கும் இல்லை. குளத்தைக் களத்தில்தான் நிறுத்தவேண்டும் என்று யோசிக்காமலே முடிவாகிவிட்டது. காப்பி முடிந்துவிட்டது, அடுத்த பறிப்பு வரும்வரை களம் சும்மாதானே இருக்கும்.

அடியில் காப்பிச் சாக்குகளைப் பரப்பி, மேலே குளத்தை நிறுத்தினோம். பங்குனிக் கடைசி. கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. இரண்டு டிராக்டர் தண்ணீர் வாங்கினேன். கடைசியாகக் கையிலிருந்த தொகை அதில் போயிற்று என்பதோடு அந்தக் கணக்கை நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பாடம்

மறுநாள் காலை. வெயில் ஏறியிருந்தது. காப்பி பூத்திருந்த சமயம். மலை முழுக்க மல்லிகை வாசம். குளத்தின் நீலத்தில் மேகம் தெரிந்தது. நானும் ராஜாமணியும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தோம்.

"டீச்சரம்மா, அந்தப் பக்கம் தண்ணி வாய்வரைக்கும் இருக்குது. இந்தப் பக்கம் நாலு விரக்கடை கம்மியா இருக்குதுங்க."

"ஷீட்டைக் கோணலாக மாட்டிவிட்டோம் போலிருக்கிறது" என்றேன்.

தண்ணீர் தன் மட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எத்தனை மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருப்பேன்! கண்ணாடி டம்ளரைச் சாய்த்துக் காட்டியிருக்கிறேன். அந்த டீச்சர், பன்னிரண்டு அடி டம்ளர் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, டம்ளரைக் கோணலாக மாட்டிவிட்டோம் என்று சொன்னாள்.

கிறீச் என்று ஒரு சத்தம். கீழ்ப்பக்கத்துக் கால் ஒன்று வழவழப்பான சிமெண்டில் வழுக்கியது. அடுத்த கால். அதற்கடுத்தது. குளம் ஒரு பக்கமாக வாயைத் திறந்து, இரண்டு டிராக்டர் தண்ணீரையும் ஒரே மூச்சில் கொட்டியது.

களத்தில் இருந்ததெல்லாம் கிளம்பிப் போயிற்று. என் செருப்பு, சாக்கு, கிளறுபலகை, ராஜாமணி சோறு கொண்டுவந்திருந்த தூக்குப்போசி. எல்லாம் ஊர்வலமாகக் களத்தின் கீழ்முனைக்குப் போய், அங்கிருந்த மடை வழியாகக் கீழ்வரிசைக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கின. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. களம் கழுவிவிட்ட தட்டாகப் பளபளத்தது.

நான் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ராஜாமணி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். இவர் எங்களைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் பிடித்த கை

தலைச்சோலையிலிருந்து பழனி மேஸ்திரி வந்தார். எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொத்துவேலை அவர்தான். அவருடைய அப்பாவும் மேஸ்திரி. களத்தை ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், களத்துமேல குளத்தை வெப்பாங்களா? காயப்போட்ட காப்பியில மழத்தண்ணி நிக்கக்கூடாதுன்னு களத்துக்கு வாட்டம் குடுத்துத்தான் போடுவோமுங்க. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஒரு சாண் எறக்கம் இருக்குமுங்க. நடக்கறப்போ தெரியாதுங்க."

முப்பது வருஷம். என் காலுக்குத் தெரியவில்லை.

"அண்ணனைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாருங்களே" என்றார் பழனி. "இந்தக் களத்தை எங்கப்பா போட்டப்போ அந்த முனையில நூலைப் புடிச்சவரே அண்ணந்தானுங்க. நான் அப்போ சின்னப்பையன், பார்த்திருக்கேனுங்க."

நான் நேராக வராந்தாவுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். என் பழைய மாணவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

வாக்கரை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"கேட்கிறேன் இல்லையா? களம் சரிவு என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லவில்லை? நாங்கள் இரண்டு பேரும் நாய் படாத பாடு பட்டதைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தீர்கள்?"

வாக்கரின் கைப்பிடியில் உரிந்திருந்த ரப்பரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குளம் நின்னுட்டா நான் எறங்கோணும் புள்ளே. எறங்கியும் கால் வரலீன்னா? இப்போ தண்ணியில நடந்தா செரியாப் போயிரும்னு ஒண்ணு இருக்குது. அதுவும் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்குது, சொல்லு?"

அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்கினேன். மூன்று நாள் நாங்கள் தட்டு, டம்ளர் வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.

நான்காம் நாள் காலையில் காப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பழனியை வரச் சொல்லு. ஒரு முனையை நான் புடிக்கறேன்."

தண்ணீர் மட்டம்

மேஸ்திரிகள் சமம் பார்க்க, உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் சமம். பழனி ஒரு முனை, இவர் ஒரு முனை. குளத்துக்குப் பன்னிரண்டு கால். ஒவ்வொரு காலுக்கும் தனியாக மட்டம் பார்த்து, கீழ்ப்பக்கம் உயரமாகவும் மேல்பக்கம் தாழ்வாகவும் பன்னிரண்டு கான்கிரீட் கட்டைகள் வார்க்கவேண்டும். நடுவில் செங்கல் வட்டம் கட்டி, மணல் கொட்டி, இடித்துச் சமப்படுத்தவேண்டும்.

"அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

இவர் வாக்கரோடு நகர்ந்தார்.

"இன்னும் ரெண்டடி."

நகர்ந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு சுற்று முழுக்க வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவ்வளவு தூரம் அவர் நடந்ததில்லை. அது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. கண் டியூபிலேயே இருந்தது. பழனி வேண்டுமென்றேதான் இரண்டாம் முறை சரிபார்க்கலாம் என்றாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

தண்ணீருக்கு இம்முறை வானத்தை நம்பினோம். வைகாசி பிறக்கும் முன்பே கோடைமழை பிடித்தது. தகரக் கூரையிலிருந்து தகரப் பீலி வழியாக நேராகக் குளத்துக்கு. ராஜாமணியின் வீடு எங்களுக்குச் சற்று மேலே இருக்கிறது. "எங்க ஊட்டுத் தண்ணியும் வரட்டுமுங்க" என்று அவளும் ஒரு ஓஸைச் சொருகிவிட்டாள். ஆறு மழையில் குளம் நிறைந்தது. சுற்றிலும் ஒரே அளவு.

மலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்பு ஓஸைக் கூரைமேல் வளையம் வளையமாகப் போட்டு, சின்ன மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரை அதில் சுற்றவிட்டோம். வெயில் அடித்தால் வெதுவெதுவென்று இறங்கும். திரும்பி விழும் வாயில் இவருடைய பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினேன். அதுதான் வடிகட்டி. ஏறுவதற்கு சிமெண்ட் கல்லில் அகலமான படி, மேலே உட்கார ஒரு பலகை.

இருபது வளைவு

முதல் நாள் பழைய காக்கி அரைக்கால் சட்டையோடு பலகையில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கப்போட்டார். கால் மணி நேரம் அப்படியே இருந்தார். நானும் ராஜாமணியும் பழனியும் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றோம்.

இறங்கியதும் "மாதாவே!" என்று ஒரு கத்து. பயமில்லை, குளிர். நான் புடவையோடு பின்னாலேயே இறங்கிவிட்டேன். ஓரக் குழாயைப் பிடித்துக்கொண்டு அடி வைத்தார். தண்ணீர் அவரைத் தாங்கியது. இன்னொரு அடி. ஒரு சுற்று.

"இருபது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இரண்டாம் சுற்று முடிந்ததும் "பத்தொம்பது" என்றார். அப்போது புரிந்தது. மனுஷர் மலையிறங்கிக்கொண்டிருந்தார். சுற்றுக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு.

அன்று பதினெட்டாவது வளைவோடு வண்டி நின்றுவிட்டது. "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நாளைக்கு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது!

ஆடிச் சாரலில் பல நாள் இறங்க முடியவில்லை. குரங்குகள் வந்து வேட்டியை அவிழ்த்துக்கொண்டு போயின. ஒரு வாரம் தண்ணீர் பச்சையானது; பஞ்சாயத்துத் தொட்டிக்காரரிடம் பிளீச்சிங் பவுடர் கடன் வாங்கினேன். நாற்பத்தொன்றில் இரண்டு ஒட்டு விட்டுப்போய் மறுபடி ஒட்டினேன். ஆனாலும் ஆவணியில் ஒருநாள், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது குளத்திலிருந்து குரல் வந்தது: "ஏம்புள்ளே! அடிவாரம் வந்துட்டேன். டீ குடிச்சிட்டு மேல ஏறோணும்."

டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குளத்துக்குள் நின்றே குடித்தார். ஏறும்போது ஏழாவது வளைவுவரை வந்தார். ஐப்பசியில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினார். அந்தத் தடியை ராஜாமணி காப்பிக் கிளையிலேயே செதுக்கிக் கொண்டுவந்து தந்தாள்.

களம் கழுவிய நாள்

கார்த்திகையில் பழம் சிவந்துவிட்டது. பறிப்பு தொடங்கியாகவேண்டும், களம் வேண்டும். எனக்குக் குளத்தைக் கலைக்க மனமில்லை. இவர்தான் சொன்னார், காப்பி காத்திருக்காது என்று.

அடியில் இருந்த மூடியை இவரே திறந்தார். ஆறு மாதத் தண்ணீர் மெல்லக் கிளம்பிக் களத்தில் பரவியது. செங்கல் மணலையும், வருஷத்து அழுக்கையும், சில்வர் ஓக் இலைகளையும் தள்ளிக்கொண்டு, முன்பு போன அதே வழியில் கீழ்முனைக்குப் போயிற்று. இந்தமுறை நிதானமாகப் போனது. நான் துடைப்பத்தால் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

நிமிர்ந்தபோது இவரைக் காணோம்.

பதறிப்போய்த் திரும்பினேன். களத்தின் கீழ்முனையில், மடையைத் தாண்டி, கீழ்வரிசைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் போயிருக்கிறார். பூத்த சமயத்தில் எங்கள் இரண்டு டிராக்டர் தண்ணீரையும் குடித்த வரிசை அது. தோட்டத்தில் வேறெங்கும் அந்த வருஷம் அவ்வளவு காய்ப்பு இல்லை. கிளைகள் தரையைத் தொட்டன. இவர் குனிந்து ஒரு பழத்தை நசுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தேன். கைத்தடி குளத்தின் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜாமணியும் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். சொன்னால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

ஈரக் களத்தில் இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து ஏறி வந்தார். கை நிறையப் பழம். நான் அழுவதைப் பார்த்து நின்றார்.

"என்ன புள்ளே, சும்மா நிக்கற? களம் கழுவியாச்சு. காப்பியைக் கொண்டாந்து கொட்டச் சொல்லு."